பத்துக்கு நாலு

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னித் தீவுக்காரர்களிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது வீண்வேலை. திடகாத்திரமாக இருப்பவனும் "மோசமில்ல" என்பான், மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பவனும் "மோசமில்ல" என்பான். புயல் வந்து கொட்டகைக் கூரையைக் கொண்டுபோய்க் கடலில் போட்டாலும், மறுநாள் "நேத்து கொஞ்சம் காத்து" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வலியை வாய்விட்டுச் சொல்வது இங்கே அடுத்தவர் தட்டில் கை வைப்பது போல ஒரு கூச்சமான காரியம். இந்தப் பழக்கத்தைப் பெரிய சொத்தாக நினைத்துக்கொண்டிருந்தவர்களில் எர்லெண்ட் டிரெவரும் அவன் மனைவி தோராவும் முன்வரிசை. அந்தச் சொத்துதான் அந்த ஜூன் மாதம் அவர்கள் காலை வாரிவிட்டது.

தோராவுக்கு எம்.எஸ். என்கிற நரம்பு வியாதி வந்து பல வருடம். இந்தத் தீவுகளில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு அத்தையோ சித்தப்பாவோ அதோடு படுத்திருந்த வீடுகள்தான் அதிகம். மூளையிலிருந்து காலுக்குப் போகும் நரம்புகள் உறை தேய்ந்த மின்கம்பி மாதிரி ஆகிவிடும். தோராவுக்கு அது இறுக்கமாக வந்து சேர்ந்தது. திடீரென்று இரண்டு தொடைகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். முழங்கால்களைப் பிரித்து நடுவில் ஆட்டுத்தோல் சுருளைச் செருகுவதற்கு எர்லெண்ட் மல்லுக்கட்ட வேண்டும். ஈனமுடியாமல் தவிக்கும் மாட்டிடமிருந்து கன்றை இழுத்தெடுத்துப் பழகிய கை அவனுடையது, அந்தக் கைக்கே வியர்த்துவிடும். படுத்தாலோ கால் தானாக உதைக்கும். முன்பு கொடுத்த மாத்திரைகள் இறுக்கத்தைக் குறைத்தன, கூடவே காலில் மிச்சமிருந்த வலுவையும் உருவிக்கொண்டு போயின. நாள் முழுக்கத் தூங்கி வழிந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட முடியாமல் போனதும், மாத்திரையை அவளே குறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பெரிய தீவில் இருக்கும் கிர்க்வால் ஆஸ்பத்திரியின் எம்.எஸ். நர்ஸ் கிர்ஸ்டி, தீவுகளுக்கு நடுவே பறக்கும் சின்ன விமானத்தில் வந்தவள், புதிதாக ஒன்றை எடுத்துச் சொன்னாள். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த மருந்து. நாக்குக்கு அடியிலோ கன்னத்துக்கு உள்ளேயோ பீய்ச்சிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் கேட்காது. அதனால் முதல் நான்கு வாரம் பார்க்கிறது மட்டும்தான். இறுக்கம் எவ்வளவு என்று பத்துக்கு ஒரு எண் சொல்ல வேண்டும், நான்கு வாரம் கழித்து மறுபடி சொல்ல வேண்டும். ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தால் மருந்து தொடரும், இல்லையென்றால் அதோடு சரி.

"இப்ப எவ்வளவு இருக்குன்னு சொல்லுவீங்க?" என்று கிர்ஸ்டி கேட்டபோது தோரா நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"நாலு இருக்குமா இருக்கும்" என்றாள்.

நர்ஸ் எர்லெண்டைப் பார்த்தாள். வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் தோன்றுகிறதா என்று கேட்டாள். எர்லெண்டுக்குத் தொண்டை வரைக்கும் வேறு பதில் வந்தது. ஆனால் பெண்டாட்டி நாலு என்று சொன்ன பிறகு வெளியாள் முன்னால் இல்லை என்பதா? "அவ்வளவுதான் இருக்கும்" என்று தலையாட்டினான். இதே ஆள் ஒரு மாடு லேசாக நொண்டினால் போதும், கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு உடனே படகு ஏறி வராவிட்டால் மாடு பிழைக்காது என்று அடித்துச் சொல்வான். மாட்டுக்கு ஒரு நியாயம், பெண்டாட்டிக்கு ஒரு நியாயம்.

மருந்து கேட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

முதல் வாரம் தலை சுற்றியது, வாய் கசந்தது. எர்லெண்டின் அக்கா பெல்லா, பக்கத்துப் பண்ணைக்காரி, அவளுக்கு இது கொண்டாட்டமாகிவிட்டது. "தேவாலயத்துல பூ வைக்கறவ கஞ்சாக்காரி ஆயிட்டா, இனி பிரசங்கம் நல்லாத்தான் கேக்கும்" என்று கடை வாசலிலேயே சொல்லிச் சிரித்தாள். அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக்கூட, தோராவின் கால் இளகியது. ஒருநாள் காலை எர்லெண்ட் கொட்டகையிலிருந்து வந்தபோது, அவள் ஊன்றுகம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நின்று பார்லி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பூட்ஸைக் கழற்றும் சாக்கில் குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். அந்த வாரம் அவள் கன்றுகளைப் பார்க்கக் கொட்டகை வரைக்கும் நடந்தே போனாள். டிராக்டர் மட்டும் ஓட்டக்கூடாது, மருந்து பழகும்வரை எந்த வண்டியும் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதில் மட்டும் தோராவுக்குக் கோபம்.

நர்ஸ் மறுபடி வரவிருந்ததற்கு முந்தின நாள்தான் எர்லெண்டுக்கு உறைத்தது. அவன் சமையலறை மேசையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தான். தோரா சுடச்சுட ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு சிஸ்டர் நம்பர் கேட்டா என்ன சொல்லப் போற?"

"இருக்கறத."

"இருக்கறது எவ்வளவு?"

தோரா கத்தியை நிறுத்தி, காலைக் கொஞ்சம் நீட்டிப் பார்த்தாள். "நாலு" என்றாள்.

"அன்னிக்கும் நாலுன்னுதான சொன்ன."

"ஆமா."

"அன்னிக்கு நெசமாவே எவ்வளவு இருந்துச்சு?"

அவள் ரொட்டியின் ஓரம் வரைக்கும் வெண்ணெயை இழுத்தாள். ஓரத்தில் அத்தனை கவனமாகத் தடவுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. "ஒம்பது இருந்திருக்கும்" என்றாள் கடைசியில்.

நாலிலிருந்து நாலு. மருந்து ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிக்கொண்டு நர்ஸ் விமானம் ஏறிவிடுவாள். புட்டி முடிந்ததும் பழைய கதைதான். அவன் எழுந்து போய் ஜன்னலில் நின்று கடலைப் பார்த்தான், திரும்பி வந்தான்.

"ரெண்டுன்னு சொல்லிடு. முடிஞ்சுது கதை."

"என்னப் பொய் சொல்லச் சொல்றியா?"

"அப்ப அன்னிக்குச் சொன்னது என்னவாம்?"

"அது பொய்யில்ல. மரியாத."

அதற்கு மேல் அவளிடம் பேச முடியவில்லை. நாலு என்பது இப்போது உண்மையிலேயே நாலு, உண்மையான நாலை ரெண்டு என்று சொல்ல அவள் வாய் வராது. அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்ளவும் வாய் வராது. வலியை மறைத்ததைச் சொல்வதென்றால் வலியைச் சொல்லியாக வேண்டுமே. பெல்லா வந்தாள், விஷயம் கேட்டாள், இரண்டு பேரையும் திட்டினாள். "நீ குறைச்சுச் சொன்ன, இவன் தலையாட்டுனான். நல்ல ஜோடிதான் போ. சாமி நேர்ல வந்து என்ன வேணும்னு கேட்டாலும் ஒண்ணும் வேணாம், போதும்னுதான் சொல்வீங்க" என்றாள். தோரா அவளுக்கும் ஒரு ரொட்டியைக் கொடுத்து வாயை அடைத்தாள்.

மறுநாள் காற்று ஓங்கி அடித்தது. விமானம் வராமல் இருக்கட்டும் என்று எர்லெண்ட் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான், வந்துவிட்டது. கிர்ஸ்டி முடியெல்லாம் கலைந்து உள்ளே வந்தாள். தேநீர் குடித்தாள். தோராவின் காலை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. முன்னைவிட நன்றாக இளகியிருப்பதாகத் தனக்குத் தோன்றுகிறது, ஆனால் தன் கணிப்பு போதாது, அவள் சொல்லும் எண்தான் கணக்கு என்றாள்.

"அப்ப, இப்ப எவ்வளவு?"

எர்லெண்ட் மனைவியைப் பார்த்தான். இரண்டு என்று சொல்லு, தாயே, ஒரே ஒரு தடவை. தோரா மேசைவிரிப்பின் மடிப்பை விரலால் நீவினாள்.

"நாலு" என்றாள்.

கிர்ஸ்டியின் முகம் விழுந்துவிட்டது. முன்னாலும் நாலுதானே என்று மெதுவாகக் கேட்டாள். தோரா தலையசைத்தாள். அப்படியானால் இந்த மருந்தைத் தன்னால் தொடர முடியாது, டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார் என்று வருத்தப்பட்டாள். சரி, மருந்துக்கு நன்றி என்றாள் தோரா, கடையில் சர்க்கரை இல்லை என்று சொன்னதைக் கேட்டுக்கொள்வது போல. இன்னும் கொஞ்சம் தேநீர் வேண்டுமா என்றும் கேட்டாள்.

எர்லெண்ட் எழுந்தான். படுக்கையறைக்குப் போய், கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு கயிற்றை எடுத்துவந்தான். கன்று இழுக்கும் கயிறு. பலமுறை கொதிக்கவைத்து வெளுத்துப்போனது, இரண்டு முனையிலும் சுருக்கு. அதை மேசைமேல், ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். தோராவின் முகம் சிவந்தது.

"எர்லெண்ட், அத எடுத்துட்டுப் போ."

அவன் எடுக்கவில்லை. நர்ஸைப் பார்க்கவும் இல்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"இது மாட்டுக் கயிறு, சிஸ்டர். குளிர்காலம் முழுக்க இதால இவ கணுக்காலக் கட்டில் கால்ல கட்டிக்கிட்டுப் படுத்தா. கால் ஒதைச்சு என் தூக்கம் கெட்டுடக் கூடாதாம். நான் தூங்குனதும் கட்டுவா, நான் முழிக்கறதுக்கு முன்னால அவுத்துடுவா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தா. காலைல சாக்ஸ் போட்டு விடறவன் நான். தடம் தெரியாதா? தெரிஞ்சும் நான் ஒண்ணும் கேக்கல. அவ சொல்லல, அதனால நான் கேக்கல." அவனுக்கு மூச்சு வாங்கியது. "இந்த மருந்து வந்ததுலேர்ந்து கயித்த எடுக்கல."

தோராவுக்குக் கண்ணில் நீர் நின்றது. அது கோபத்திலா அவமானத்திலா என்று எர்லெண்டுக்குத் தெரியவில்லை. அவன் அறிந்தவரை அவளுக்கு அவன் செய்த பெரிய துரோகம் அதுதான்.

கிர்ஸ்டி கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "எங்கப்பா ஏணியிலேர்ந்து விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சு கெடந்தப்ப, லேசாப் பிடிச்சிருக்குன்னுதான் சொன்னாரு. நானும் இந்த மண்ணுதான். நாலுன்னு நீங்க சொன்னதும் நான் அப்படியே நம்பினேன் பாருங்க, என்னத்தான் குத்தம் சொல்லணும்" என்றாள்.

கிர்க்வாலில் இருக்கும் டாக்டருக்கு அங்கேயே போன் செய்து நெடுநேரம் பேசினாள். எழுதிய எண்ணை அடித்து மாற்ற முடியாது. ஆனால் முதல் எண் தப்பு என்று குறித்து, புதிதாக அளந்து பார்க்கலாம். அதற்கு ஒரு வழிதான் உண்டு. ஒரு வாரம் மருந்தை நிறுத்த வேண்டும். இறுக்கம் முழுசாகத் திரும்பியபின், வியாழக்கிழமை மத்தியானம் கிர்ஸ்டி போன் செய்வாள். அப்போது எண்ணைச் சொல்ல வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு. குறைக்காமச் சொல்லணும்" என்றாள்.

"ஒரு வாரமா" என்றாள் தோரா. புட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், அவளுக்கு எட்டாத இடத்தில், எர்லெண்டை வைக்கச் சொன்னாள்.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வந்தது, விட்ட இடத்திலிருந்தே வந்தது. காலையில் முழங்கால்களைப் பிரிக்க எர்லெண்ட் மறுபடி மல்லுக்கட்டினான். மேல்தட்டில் இருக்கும் புட்டியைக் கை நீட்டினால் எடுத்துவிடலாம், அவன் கண் ஒரு நாளைக்குப் பத்து தடவை அங்கே போனது. எடுத்துத் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டான். "வேலயப் பாரு" என்றாள். கயிற்றை அவன் ஒளித்துவைத்துவிட்டான். அவள் கால் உதைத்தது, இரண்டு பேருமே தூங்கவில்லை. ஜூனில் இந்தத் தீவுகளில் இருட்டே சரியாக விழாது. ஜன்னல் வெளுத்தே கிடக்க, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் விழித்திருப்பது இனி முடியாது என்று ஆகிவிட்டது. அது ஒருவகையில் நல்லதுதான் என்று அவனுக்குப் பட்டது.

இதற்கு நடுவே வானம் தெளிந்தது. புளிக்கவைத்துச் சேமிக்கும் ஊறுகாய்ப்புல் அறுப்புக்கு இப்படி மூன்று நாள் சேர்ந்து காய்வது அபூர்வம். பச்சையாக அறுத்து, உலர்த்தி, உருட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றிவிட்டால்தான் குளிர்காலத்தில் மாட்டுக்கு வாய் அசையும். பண்ணைக்குப் பண்ணை ஆள் மாற்றிக்கொண்டு வேலை செய்வார்கள். யார் புல்லோ அவர்கள் வீட்டில் சாப்பாடு. எர்லெண்டின் முறை வியாழக்கிழமை என்று விழுந்தது.

அவனுக்குத் திக்கென்றது. சமையலறைச் சுவரில்தான் போன், செல்போனுக்குக் கொட்டகைக்குப் பின்னால் மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கோடு வரும். அத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில் அவள் எப்படிப் பேசுவாள்? பெல்லா தன் வீட்டில் சமைத்துவிடுவதாகச் சொன்னாள்.

"என் புல்லுக்கு உன் வீட்டுச் சூப்பா" என்றாள் தோரா. சாயந்திரம் பேசச் சொல்லி நர்ஸிடம் கேட்கலாமே என்று எர்லெண்ட் இழுத்தான். மத்தியானம் என்றால் மத்தியானம்தான், வேலையாக இருக்கும் பெண்ணை அலைக்கழிக்கக் கூடாது என்றாள். இங்கேயும் மரியாதை.

வியாழக்கிழமை ஆட்கள் புல் வாசனையோடும் டீசல் வாசனையோடும் உள்ளே வந்து வரிசையாகக் கை கழுவினார்கள். ஐந்து ஆண்கள். அவர்களில் மூத்தவர் சிகர்ட் ஹெடில், கடற்கரைப் பண்ணைக்காரர். அவர் மனைவி ரூபியும் இதே வியாதியில்தான் போனாள். ரூபியைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மாட்டெலும்புச் சூப், மசித்த உருளைக்கிழங்கும் டர்னிப்பும், பார்லி ரொட்டி, வீட்டுப் பாற்கட்டி. பெல்லா பரிமாறினாள். தோரா மேசையின் அடுப்புப் பக்க முனையில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். மேசைக்கு அடியில் அவள் தொடைகள் இறுகியிருப்பது எர்லெண்டுக்கு மட்டும் தெரிந்தது. தெற்கு வயல் ஈரம் பற்றியும், யாரோ டிராக்டரை வயலோரப் பள்ளத்தில் இறக்கியதைப் பற்றியும் பேச்சு ஓடியது. எர்லெண்டுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை.

போன் அடித்தது.

அவன் எழுந்து எடுத்து, சுருண்ட வயரை இழுத்துக்கொண்டு போய் அவள் கையில் கொடுத்தான். மேசையில் பேச்சு நின்றது. யாரும் கேட்பது போல் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் திடீரென்று சூப்பில் ஏதோ தேட வேண்டியிருந்தது.

எப்படி இருக்கிறீர்கள் என்று கிர்ஸ்டி கேட்டிருக்க வேண்டும்.

"மோசமில்ல, சிஸ்டர்" என்றாள் தோரா.

எர்லெண்ட் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வாரத்து அவதி அத்தனையும் வீண்.

தோரா போனைக் காதோடு அழுத்தினாள். அந்த நேரம் பார்த்து அவள் கால் ஒரு உதை உதைத்தது. நாற்காலி கிறீச்சிட்டு நகர்ந்தது, மேசையில் கரண்டிகள் குலுங்கின. ஒருவரும் தலை நிமிரவில்லை. அவள் அவர்கள் எல்லோருடைய உச்சந்தலைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இல்ல, சிஸ்டர்" என்றாள். குரல் கரகரத்தது. "மோசந்தான். ரொம்ப மோசம். ஒம்பது."

அந்த வீட்டில் தன் உடம்பு மோசம் என்று அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பெல்லா அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தோரா கொஞ்சநேரம் கேட்டுவிட்டு, போனை எர்லெண்டிடம் நீட்டினாள். "உன்னக் கேக்கறா. அன்னிக்கு மாதிரி."

அவன் வாங்கிக் காதில் வைத்தான். வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் தோன்றுகிறதா என்று கிர்ஸ்டி கேட்டாள். ஐந்து ஆண்களும், தன் அக்காவும், தன் பெண்டாட்டியும் அவன் வாயையே எதிர்பார்த்திருப்பது முதுகில் உறைத்தது.

"இல்ல" என்றான். "பத்து. அவ இப்பவும் ஒண்ணு குறைச்சுத்தான் சொல்றா."

கிர்ஸ்டி அந்தப் பக்கம் மூச்சு விட்டதுகூடக் கேட்டது. ஒன்பதோ பத்தோ, மருந்தோடு சொன்ன நாலுக்கு எதிரே அது போதும், டாக்டரிடம் முன்பே பேசிவிட்டேன், இன்றைக்கே மருந்தை ஆரம்பிக்கலாம், அடுத்த புட்டி சனிக்கிழமைப் படகில் வரும் என்றாள். எர்லெண்ட் போனை மாட்டினான். திரும்பித் தோராவைப் பார்க்கப் பயந்து, நேராக அலமாரிக்குப் போய் மேல்தட்டிலிருந்து புட்டியை எடுத்தான்.

சிகர்ட் கரண்டியைக் கீழே வைத்தார். தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"ரூபி எப்பவும் ரெண்டுன்னுதான் சொல்லுவா" என்றார். "நானும் ஆமான்னுடுவேன்."

தோரா கணவன் கையிலிருந்து புட்டியை வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து, நாக்கை மடித்து, பீய்ச்சிக்கொண்டாள். கசப்பில் முகம் சுளித்தாள். பிறகு சிகர்ட் பக்கம் கையை நீட்டினாள்.

"தட்டக் கொடுங்க, சிகர்ட். சூப் ஆறிப்போச்சு, சூடா ஊத்தித் தர்றேன்" என்றாள்.

அவர் கொடுத்தார்.